எஞ்சின் எண்ணெயில் தண்ணீர்: கழற்றுவதற்கு முன் விசாரியுங்கள்!



சென்ற இதழில் பேட்டரியைப் பற்றிப் பேசினோம். இந்த முறை அதைவிடப் பெரிய செலவு வைக்கக்கூடிய ஒரு விஷயம். எஞ்சின் எண்ணெயில், நம் மக்கள் 'மினாக் ஈத்தாம்' என்று சொல்லும் அந்த எண்ணெயில், ரேடியேட்டர் தண்ணீர் கலந்துவிட்டால் என்ன செய்வது?

"சார், நீங்க பள்ளிக்கூட வாத்தியார். உங்களுக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் மெக்கானிக் அல்ல. ஆனால் தோட்டத்துப் பள்ளி ஆசிரியனிடம் எல்லாக் காகிதங்களும் வந்து சேரும். அரசாங்கக் கடிதம், மருத்துவமனைச் சீட்டு, காரோடு வந்த கையேடு, கடைசியில் பட்டறைக்காரர் கொடுத்த பில். "இதிலே என்ன எழுதியிருக்கு, பார்த்துச் சொல்லுங்க சார்" என்று வருகிறவர்களுக்காகப் படிக்கத் தொடங்கி, புரியாததைப் பட்டறையில் நின்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவைதாம் இவை.

தோட்டத்தில் கார் ஓர் ஆடம்பரம் அல்ல. பேருந்து நுழையாத மண்சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே இருப்பவர்களுக்கு, பிள்ளையை இடைநிலைப் பள்ளிக்கு அனுப்பவும் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு போகவும் அந்தப் பழைய கார்தான் துணை. அதனால்தான் "எஞ்சின் போச்சு" என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் வீட்டில் உள்ள நகை அடகுக் கடைக்குப் போகிறது. போகட்டும், உண்மையிலேயே போய்விட்ட எஞ்சினுக்காகப் போகட்டும். விசாரணை இல்லாமல் போகக் கூடாது. இன்று நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

எஞ்சினை இரண்டு மாடி வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்மாடி 'பிளாக்'. அதில்தான் பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன. மேல்மாடி 'ஹெட்'. அதில் வால்வுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு. அதுதான் 'ஹெட் கேஸ்கெட்'.

இந்த வீட்டில் மூன்று தனித்தனி வழிகள் உண்டு. ஒன்று, பெட்ரோல் எரியும் அறை. இரண்டு, எண்ணெய் ஓடும் துளைகள். மூன்று, சூட்டைத் தணிக்கும் தண்ணீர் ஓடும் துளைகள். மூன்றும் ஒன்றையொன்று சந்திக்காமல் தடுத்து நிற்பது அந்தத் தகடு. தகடு ஓரிடத்தில் விட்டுப்போனால் பக்கத்து வழியில் இருப்பது இந்த வழிக்குள் வந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பொதுவாக எண்ணெயின் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தைவிட அதிகம். ஆகவே ஓட்டை இருந்தால் எண்ணெய்தான் தண்ணீருக்குள் போகும். எஞ்சினை நிறுத்தியதும் எண்ணெயின் அழுத்தம் இறங்கிவிடும்; ஆனால் சூடான தண்ணீரின் அழுத்தம் இன்னும் சிறிது நேரம் நிற்கும். அப்போது தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்கும். அதனால்தான் மாலையில் நன்றாக இருந்த எண்ணெய்க் கம்பி காலையில் வேறு கதை சொல்கிறது. சோதிக்க நல்ல நேரம், இரவு முழுவதும் நின்ற கார், காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்.

முதல் கேள்வி: உண்மையிலேயே கலந்திருக்கிறதா?

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் அதன் அடியில் கெட்டிப்பால் போல வெளிறிய பசை ஒட்டியிருக்கிறது. பார்த்தவுடன் பலரும் "கேஸ்கெட் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம். வீட்டில் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயலிசிஸ். மையம் நான்கு கிலோமீட்டரில் இருக்கும் சிறு பட்டணத்தில். கார் அதற்கு மட்டுமே ஓடும். எண்ணெய் மாற்றப் போன இடத்தில் மூடியைப் பார்த்த பட்டறைக்காரர், "ஹெட்டைத் திறக்கணும். திறந்தா என்ன இருக்கும்னு சொல்ல முடியாது. வேற எஞ்சின் போட்டுடறதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டார். மருமகள் தாலிக்கொடியைத் தவிர மற்றதை எல்லாம் துணியில் முடிந்துகொண்டு நின்றார்.

"அண்ணே, ஒரு பத்து நாள் பொறுங்க. அதுவரைக்கும் தினம் காலையிலே ரெண்டு இடத்தைப் பார்த்து எழுதி வைங்க" என்றேன். ரேடியேட்டர் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்ப் போத்தலில் மட்டத்துக்கு நேராக ஒரு டேப் துண்டு ஒட்டினோம். எண்ணெய்க் கம்பியைத் துடைத்து, விட்டு, எடுத்து, மட்டத்தையும் நிறத்தையும் நோட்டுப் புத்தகத்தில் அவர்கள் வீட்டுப் பெண் பிள்ளை எழுதினாள். பத்து நாளும் தண்ணீர் டேப்பை விட்டு இறங்கவில்லை. எண்ணெய் கம்பியில் ஏறவும் இல்லை, வெளுக்கவும் இல்லை. மூடியைத் துடைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு மூடியில் பசை சேரவில்லை.

காரணம் என்ன? எஞ்சின் நன்றாகச் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. உள்ளே காற்றில் இருக்கும் ஈரமும், பெட்ரோல் எரிவதால் உண்டாகும் நீராவியும் மூடியின் குளிர்ந்த அடிப்பக்கத்தில் வியர்வையாகப் படிந்து எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிடும். சோற்றுப் பானை மூடியின் அடியில் நீர் கோத்து நிற்பதில்லையா, அது போலத்தான். வாரம் ஒரு முறையாவது எஞ்சின் நன்றாகச் சூடேறும்படி ஓட்டினால் இந்த ஈரம் ஆவியாகிப் போகும். குறுகிய பயணம் மட்டுமே போகும் காருக்கு எண்ணெயைச் சற்று முன்னதாகவே மாற்றுவது நல்லது. அவ்வளவுதான். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

ஆகவே மூடியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கீழ்க்கண்டவற்றில் இரண்டு மூன்று ஒன்றாகத் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

1. எண்ணெய்க் கம்பியில் உள்ள எண்ணெயே தே தாரிக் நிறத்துக்கு மாறியிருப்பது.

2. எண்ணெய் ஊற்றாமலே கம்பியில் மட்டம் ஏறுவது. இது மிக முக்கியமான அறிகுறி. தானாகக் கூடும் எண்ணெய் உலகத்தில் இல்லை.

3. வெளியே ஒழுக்கு இல்லாமல் தண்ணீர்ப் போத்தலில் மட்டம் நாளுக்கு நாள் இறங்குவது.

4. ரேடியேட்டர் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் அல்லது பழுப்புக் கூழ் மிதப்பது.

5. எஞ்சின் சூடேறிய பிறகும் புகைக் குழாயிலிருந்து வெள்ளைப் புகை நிற்காமல் வருவது. காலைக் குளிரில் சில நிமிடம் வரும் நீராவி இந்தக் கணக்கில் சேராது.

இன்னும் சந்தேகம் என்றால் ஒரு சோதனை. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது, அடியில் ஒரு பாத்திரம் வைத்து, எண்ணெய்த் தொட்டியின் அடித்திருகை மெல்லத் தளர்த்தச் சொல்லுங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. இரவு முழுவதும் அடியில் தங்கியிருக்கும். கலங்காமல் தங்கிய தண்ணீர் இருந்தால் எண்ணெய்க்கு முன்னால் அதுதான் சொட்டும். தண்ணீர் முழுவதும் எண்ணெயோடு கடைந்துபோயிருந்தால் வெளிறிய பாலாக வரும்.

ரேடியேட்டரில் ரோஸ் நிறக் கூழ், நம் ஊர் சிராப் பாண்டோங் போல, இருந்தால் அது பெரும்பாலும் வேறு கதை. ஆட்டோ கியர் உள்ள பல கார்களில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். அது உள்ளே விட்டுப்போனால் கியர் எண்ணெயும் தண்ணீரும் கலக்கும். அதற்கு ஹெட்டைத் திறந்து பயனில்லை. ஆனால் அந்த காரையும் ஓட்டக் கூடாது. கியர் பெட்டி கெட்டுவிடும்.

கலந்தது உறுதியானால், ஓட்டாதீர்கள்

எஞ்சினுக்குள் இரும்பு இரும்பைத் தொடாமல் காப்பாற்றுவது எண்ணெயின் மெல்லிய படலம். தண்ணீர் கலந்த எண்ணெய் அந்தப் படலத்தைத் தாங்காது. கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகள்தாம் முதலில் தேயும். கூலன்ட் கலந்திருந்தால் அது எண்ணெயைக் கூழாக்கி வடிகட்டியையும் துளைகளையும் அடைக்கும்.

இன்னொரு வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். கம்பியில் எண்ணெய் தே தாரிக் நிறம். தண்ணீரும் தினம் ஊற்ற வேண்டியிருந்தது. "சம்பளம் வர்ற வரைக்கும் தண்ணி ஊத்தி ஓட்டிக்கலாம்" என்று அந்த அண்ணன் ஒன்பது நாள் ஆலைக்கு ஓட்டினார். பத்தாம் நாள் கீழே 'டொக் டொக்' என்று சத்தம். அதுவரை கேஸ்கெட்டும் ஹெட் வேலையும் செய்தால் போதும் என்றிருந்த நிலை மாறி, கிராங்க் தண்டே கெட்டுவிட்டது. ஒன்பது நாள் பேருந்துக் காசையும் நண்பரின் மோட்டார் சைக்கிளையும் பார்த்திருந்தால் அந்த எஞ்சின் பிழைத்திருக்கும்.

ஸ்டார்ட்டர் முக்கி முக்கி எஞ்சின் சுற்ற மறுத்தால் திரும்பத் திரும்பச் சாவியைத் திருகாதீர்கள். எரியும் அறைக்குள் தண்ணீர் நிரம்பியிருக்கலாம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். இழுவை வண்டிக்குச் சொல்லுங்கள்.

இரண்டாம் கேள்வி: எந்த வழியாகக் கலந்தது?

கலந்தது என்றவுடன் கேஸ்கெட் என்று முடிவு கட்டுவது, காய்ச்சல் என்றவுடன் மலேரியா என்று முடிவு கட்டுவது போன்றது. கேஸ்கெட் அடிக்கடி குற்றவாளிதான். ஆனால் அது ஒன்றே குற்றவாளி அல்ல. ஹெட் விரிசல் விட்டிருக்கலாம். அபூர்வமாக பிளாக்கே விரிசல் விடலாம். சில எஞ்சின்களில் முன்பக்க மூடி வழியாகத் தண்ணீர் போகும். அங்கே கேஸ்கெட் விட்டிருக்கலாம். சிலவற்றில் தண்ணீர் பம்ப் எஞ்சினுக்குள்ளேயே சங்கிலியால் சுழலும். அதன் சீல் போனால் தண்ணீர் நேராக எண்ணெயில் விழும். பல லாரி, டிராக்டர் டீசல் எஞ்சின்களில் சிலிண்டர் உறையின் அடியில் உள்ள ரப்பர் வளையம் நைந்துபோகும்.

எல்லாவற்றையும்விட மறக்கப்படுவது 'ஆயில் கூலர்'. எண்ணெயைத் தண்ணீரால் குளிர்விக்கும் சிறு பாகம் அது. எல்லா கார்களிலும் இல்லை. உங்கள் காரில் இருந்தால் முதலில் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதை மாற்றப் பல கார்களில் ஹெட்டைத் திறக்கவே வேண்டாம்.

பட்டறையில் செய்யக்கூடிய சோதனைகள் நான்கு. இவற்றில் எதற்கும் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை.

முதலாவது, குமிழிச் சோதனை. எஞ்சின் முழுவதும் ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்வது. காற்றுத் தங்கியிருந்தால் சிறிது நேரம் குமிழி வந்து நிற்கும். நிற்காமல் கொப்புளித்துக்கொண்டே இருந்தால் எரியும் அறையிலிருந்து வாயு தண்ணீருக்குள் வருகிறது என்று சந்தேகிக்கலாம்.

இரண்டாவது, நீலத் திரவச் சோதனை. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் ஆவியை ஒரு நீல நிறத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். பெட்ரோல் எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும்.

மூன்றாவது, அழுத்தச் சோதனை. ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பை மாட்டி, ரேடியேட்டர் மூடியில் குறித்திருக்கும் அளவு வரை காற்றை ஏற்றுவார்கள். கால் மணி நேரம் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் எங்கோ ஒழுக்கு. வெளியே ஈரம் இல்லை என்றால் ஒழுக்கு உள்ளே.

நான்காவது, கம்ப்ரெஷன் சோதனை. ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்று பார்ப்பது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் விட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கேஸ்கெட் எண்ணெய் வழிக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவே மட்டும் விட்டிருந்தால் நீலத் திரவம் நீலமாகவே இருக்கும். கம்ப்ரெஷனும் நன்றாகவே காட்டும். ஆகவே "நீலம் மாறவில்லை, கேஸ்கெட் நன்றாக இருக்கிறது" என்பதும் தவறு. "எண்ணெயில் தண்ணீர், ஆகவே கேஸ்கெட்தான்" என்பதும் தவறு. நான்கு சாட்சிகளையும் விசாரித்த பிறகே தீர்ப்பு.

ஹெட்டைத் திறக்கத்தான் வேண்டும் என்றால்

திறந்த பிறகு பழைய தகட்டை எடுத்துப் புதுத் தகட்டை வைத்து மூடிவிடுவது வேலை அல்ல. பல கார்களில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடேறினால் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். எஞ்சின் ஒரு முறை கடுமையாகக் கொதித்தால் ஹெட் வளைந்துவிடலாம். வளைந்த ஹெட்டுக்கு அடியில் வைக்கும் புதுத் தகடு சில மாதங்களில் மீண்டும் விட்டுவிடும். இரண்டாம் முறையும் நீங்கள்தான் கூலி கொடுக்க வேண்டும்.

ஆகவே மெக்கானிக்கிடம் மரியாதையாக இவற்றைக் கேளுங்கள்.

"ஹெட் வளைஞ்சிருக்கான்னு பார்த்தீங்களா, தம்பி?" நேரான எஃகுச் சட்டத்தை ஹெட்டின் மேல் வைத்து, அடியில் மெல்லிய அளவுத் தகடுகளைச் செருகிப் பார்ப்பார்கள். அனுமதிக்கப்படும் வளைவு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். சரியான அளவு உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். அதிகமாக இருந்தால் கடைசல் பட்டறையில் சீவிச் சமன் செய்ய வேண்டும். பிளாக்கின் மேல்பக்கத்தையும் அதேபோல் பார்க்க வேண்டும்.

"விரிசல் சோதனை செஞ்சாச்சா?" ஹெட்டின் தண்ணீர்த் துளைகளை அடைத்து, காற்றை ஏற்றி, தண்ணீரில் முக்கிப் பார்ப்பார்கள். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பது போலத்தான்.

"போல்ட்டு புதுசா, பழசா?" பல எஞ்சின்களில் ஹெட் போல்ட்டுகள் இறுக்கும்போது சற்று நீளும் வகை. அவற்றைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. போல்ட் துளைகளில் தண்ணீரும் எண்ணெயும் தங்கியிருக்கவும் கூடாது. திருகும்போது அந்தத் திரவம் வெளியேற வழியில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும்.

"அளவுச் சாவியிலே முறுக்குவீங்களா?" ஹெட் போல்ட்டை நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, கையேட்டில் உள்ள வரிசைப்படி, பல தவணையாக, டார்க் சாவியால் இறுக்க வேண்டும். கைப்பலத்தை நம்பும் வேலை இதுவல்ல.

டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் ஹெட்டை எடுக்கப் பெல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். பெல்ட்டும் அதன் பின்னால் உள்ள தண்ணீர் பம்பும் பழையவை என்றால் இதோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். கூலி ஒன்றாகப் போய்விடும்.

"திறக்காமலே சரிசெய்யும் மருந்து" என்று போத்தல்களில் விற்பதை ரேடியேட்டரில் ஊற்றச் சிலர் சொல்வார்கள். எண்ணெயும் தண்ணீரும் கலக்கும் நோய்க்கு அது மருந்தல்ல. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அது அடைத்துவிடலாம்.

உள்ளே உள்ள பாலைக் கழுவ வேண்டும்

பழுது பார்த்த பிறகும் பழைய கூழ் எஞ்சினின் மூலை முடுக்குகளில் இருக்கும். புது எண்ணெய், புது வடிகட்டி போட்டு, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுச் சூடாக்கி, அதை வடித்துவிட வேண்டும். வடியும் எண்ணெய் வெளிறியிருந்தால் இன்னொரு முறை. தெளிவாக வரும் வரை. இந்தக் கழுவலுக்கு விலை குறைந்த, ஆனால் சரியான தர எண்ணெய் போதும். கடைசியாக நல்ல எண்ணெய் ஊற்றி, ஐந்நூறு கிலோமீட்டரில் மறுபடி ஒரு முறை மாற்றிவிடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் பழைய வழக்கம் வேண்டாம். அது பேரிங்குகளுக்கு ஆகாது.

தண்ணீர்ப் பக்கத்தில் எண்ணெய் போயிருந்தால் ரேடியேட்டரையும் கழுவ வேண்டும். எண்ணெய் பட்ட ரப்பர்க் குழாய்கள் ஊறி மெத்தென்று ஆகிவிடும். பிசைந்து பாருங்கள், மெத்தென்றிருந்தால் மாற்றுங்கள்.

மூன்றாம் கேள்வி: முதலில் ஏன் கொதித்தது?

இதைக் கேட்காமல் காரை வீட்டுக்கு எடுத்து வந்தால் பாதி வேலைதான் முடிந்தது. பெரும்பாலான கேஸ்கெட்டுகள் தாமாகச் சாவதில்லை, கொதிப்பினால் சாகின்றன. கொதிப்புக்குக் காரணம் ஒரு சிறிய பொருளாக இருக்கலாம். திறக்காமல் ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட், சுழலாத விசிறி, அடைத்த ரேடியேட்டர், வெடித்த குழாய், ரப்பர் நைந்த ரேடியேட்டர் மூடி.

அந்த மூடியை அற்பமாக நினைக்காதீர்கள். 0.9 என்று எழுதிய மூடி நன்றாகப் பிடித்தால் உள்ளே இருக்கும் வெறும் தண்ணீர்கூட 100 பாகையில் கொதிக்காது. சுமார் 118 பாகை செல்சியஸ் வரை தாங்கும். மூடி கெட்டால் அந்தக் காப்பு போய்விடும். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போது வழியோரம் ஆவி கக்கி நிற்கும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். கீழே பட்டணத்தில் தாங்கிய பழுது, மலை ஏற்றத்தில் தாங்காது.

ஆற்றுத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கான் தண்ணீர் எதையும் ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். அதில் உள்ள உப்பும் சேறும் அலுமினியத்தை அரித்துத் துளைகளை அடைக்கும். "நம்ம நாட்டிலேதான் பனியே இல்லையே, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கூலன்ட் உறையாமல் காப்பதற்கு மட்டுமல்ல. துருவையும் அரிப்பையும் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. கையேட்டில் சொன்ன வகையை, சொன்ன கலவையில், சொன்ன காலத்தில் மாற்றுங்கள்.

வழியில் சூட்டு முள் ஏறினால் ஏர்கோனை அணைத்து, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை நிறுத்துங்கள். "இன்னும் ரெண்டு மைல்தானே" என்பதுதான் ஹெட்டை வளைக்கும் வார்த்தை. சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். இரும்பு விரிசல் விடும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். எஞ்சின் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே, துணி போட்டு, மெல்லத் திறக்க வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் லயத்து வாசலில் வைக்க விடாதீர்கள். பல கூலன்ட்டுகளில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். ஆனால் கொடிய விஷம். பிள்ளைகளும் நாயும் பூனையும் குடித்தால் சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்து. கலங்கிய எண்ணெயையும் கானிலோ ஆற்றிலோ கொட்டாமல் மூடிய டின்னில் பட்டறைக்கே கொடுத்துவிடுங்கள்.

பில்லைக் கையில் வைத்திருங்கள்

வேலை தொடங்குமுன் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். என்னென்ன சோதனை செய்தார்கள், எந்தச் சாமான், எவ்வளவு கூலி, எத்தனை மாத உத்தரவாதம் என்று அதில் இருக்கட்டும். கழற்றிய பழைய கேஸ்கெட்டையும் போல்ட்டுகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு எஞ்சின் போடுவதாக முடிவானால் எஞ்சின் எண் மாறும். அதை ஜேபிஜேயில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

நல்ல பட்டறைக்காரர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். அப்படியும் ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால், மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே வாய்ப்பேச்சைவிடக் காகிதம்தான் பேசும். பில்லை அரிசி டின்னுக்கு அடியில் போட்டுவிடாமல் பத்திரமாக வையுங்கள்.

நாளைக் காலையில் காரை எடுப்பதற்கு முன் இரண்டே நிமிடம். போத்தலில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். எண்ணெய்க் கம்பியைத் துடைத்து, விட்டு, எடுத்துப் பாருங்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், அவர்களும் கற்றுக்கொள்வார்கள். வாரம் ஒரு முறை இப்படிச் செய்துவந்தால், எஞ்சின் தன் நோயை முதல் நாளே உங்களிடம் சொல்லிவிடும்.

அடுத்த இதழில் டயர் தேய்வதைப் பார்த்து என்னென்ன தெரிந்துகொள்ளலாம் என்று பேசுவோம். வணக்கம்.